ஒரு சோறு பதமும் பாஸ்மதியும்

மக்களே, பாஸ்மதி அரிசி பாக்கெட்டோட பின்பக்கத்தை என்னைக்காவது நிதானமா படிச்சுப் பாத்திருக்கீங்களா? ஒரு பங்கு அரிசிக்கு ரெண்டு பங்கு தண்ணி, மூடி போட்டு இத்தனை நிமிஷம், அவ்ளோதான்னு முடிச்சிருப்பாங்க. கூடவே ஒரு படம். வெள்ளை வெளேர்னு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, பருக்கை பருக்கையா நிக்கிற சோறு. அந்தக் குறிப்புக்கும் இந்தப் படத்துக்கும் நடுவுல எவ்ளோ தூரம் இருக்குங்கறதைப் பத்திதான் இந்தப் பதிவு. சமையல் குறிப்பு தேடி வந்தவங்களுக்குக் குறிப்பு உண்டு. கூடவே கொஞ்சம் மொக்கையும் உண்டு, பொறுத்துக்கங்க :-)

முதல்ல அந்த வாசனை. பாஸ்மதியைக் கொதிக்க விட்டா வீடு முழுக்க வருதே, அதுக்குக் காரணம் 2-அசெட்டைல்-1-பைரோலின்னு ஒரு பொருள். பேரைக் கேட்டு பயந்துடாதீங்க. பாப்கார்ன் வாசனைலயும், பேக்கரி ரொட்டியோட மேல்தோல் வாசனைலயும் இருக்கிறது இதேதான். ரம்பை இலைலயும் இதுதான். ஈழத்து நண்பர்கள் ரம்பைன்னதுமே வாசனை பிடிச்சிருப்பீங்க. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அந்த வாசனை உண்மையில ஒரு பக். சாதாரண நெல்லுல ஒரு மரபணு இருக்கு. அது ஒழுங்கா வேலை செஞ்சா இந்த வாசனைப் பொருள் சேராது. பாஸ்மதி, தாய்லாந்து மல்லிகை அரிசி மாதிரி பெரும்பாலான வாசனை அரிசிகள்ல அந்த மரபணுவோட கோடுல எட்டே எட்டு எழுத்து காணாமப் போயிருக்கு. ஃபங்ஷன் வேலை செய்யல, வாசனை சேந்துடுச்சு. எங்கயோ யாரோ ஒரு விவசாயி மோந்து பாத்து, "இது நல்லா இருக்கே"ன்னு விதைக்கு எடுத்து வச்சிருக்கணும். பக் இல்ல, ஃபீச்சர்னு க்ளையன்ட்கிட்ட நாம சமாளிப்போமே, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் இருக்காது.

அடுத்தது வயசு. அரிசி வாங்கும்போது எல்லாரும் நீளத்தைத்தான் பாக்கறாங்க, வயசைப் பாக்கறதில்ல. டெல்டா பக்கத்து ஆளுங்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேணாம். பொங்கலுக்குப் புது அரிசி, சாப்பாட்டுக்குப் பழைய அரிசி. புது அரிசி குழையும், பொங்கலுக்கு அதுதான் வேணும். அறுவடையாகி ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கிடந்த அரிசி இறுகிப் போயிருக்கும். நிறையத் தண்ணி குடிச்சாலும் மேல்தோல் வெடிச்சு மாவு வெளிய கொட்டாது. அதனாலதான் நல்ல பாஸ்மதியை வருஷக் கணக்குல வச்சிருந்து விக்கறாங்க. இதுல ஒரு கொடுக்கல் வாங்கலும் இருக்கு. பழசாக ஆக உதிரித்தன்மை கூடும், ஆனா மேல சொன்ன வாசனைப் பொருள் கொஞ்சம் கொஞ்சமா பறந்துக்கிட்டே இருக்கும். அதனால பாக்கெட்டைப் பிரிச்சதும் இறுக்கமா மூடுற டப்பாவுல கொட்டிடுங்க. மளிகை அலமாரில வாயைத் திறந்து போட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு வாசனை இல்லையேன்னு அழக்கூடாது.

இப்ப கடைல கிடைக்கிற ரொம்ப நீள அரிசி பெரும்பாலும் பூசா 1121. டெல்லில இருக்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2003-ல வெளியிட்ட ரகம். வேகாத அரிசியே எட்டு மில்லிமீட்டருக்கு மேல இருக்கும், வெந்தா இருபதைத் தொடும். கல்யாண பிரியாணில தட்டுல நூல் நூலா கிடக்குமே, அநேகமா அதுதான். பாரம்பரிய பாஸ்மதி இதைவிடக் குட்டை, ஆனா என் மூக்குக்கு அதுதான் வாசனை. செல்லான்னு எழுதியிருந்தா அது புழுங்கல் பாஸ்மதி, லேசா மஞ்சளா இருக்கும். உடையாது, குழையாது, கேட்டரிங் ஆளுங்களுக்கு வரப்பிரசாதம். ஆனா வாசனை குறைவு. வீட்டுல சாதமா சாப்பிட நான் அதை வாங்க மாட்டேன். இன்னொண்ணு, 2023 ஆகஸ்ட்லேருந்து நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாஸ்மதிக்குன்னு தனித் தர விதி கொண்டு வந்திருக்கு. செயற்கை வாசனை, செயற்கை நிறம் எதுவும் சேக்கக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. பாக்கெட்டைப் பிரிச்ச உடனே சென்ட் பாட்டில் திறந்த மாதிரி மூக்கைத் துளைச்சா கொஞ்சம் சந்தேகப்படுங்க. நிஜ வாசனை பச்சை அரிசில அமைதியா இருந்துட்டு, சூட்டுல எழுந்து வரும்.

சரி, மேட்டருக்கு வருவோம். தண்ணி.

ஒண்ணுக்கு ரெண்டுங்கற கணக்கு ஏன் சரிப்படாதுன்னு பாருங்க. பாத்திரத்துல ஊத்துற தண்ணி ரெண்டு இடத்துக்குப் போகுது. ஒரு பகுதியை அரிசி குடிக்குது. இது அரிசியோட அளவைப் பொறுத்தது, தோராயமா ஒரு டம்ளருக்கு ஒரு டம்ளர். இன்னொரு பகுதி ஆவியாப் போகுது. இது அரிசியோட அளவைப் பொறுத்தது இல்ல. பாத்திரத்தோட வாய் எவ்ளோ அகலம், மூடி எவ்ளோ இறுக்கம், எத்தனை நிமிஷம் கொதிக்குது, இதையெல்லாம் பொறுத்தது. ஸ்கூல்ல படிச்ச y = mx + c ஞாபகம் இருக்கா? அந்த c-யை பாக்கெட்காரங்க மறந்துட்டாங்க. ஊறின அரிசி ஒரு டம்ளருக்கு ஒண்ணரை டம்ளர் தண்ணி சரியா இருந்ததுன்னு, நாலு டம்ளருக்கு ஆறு ஊத்தினா கீழ்ப்பாதி களிதான். நாலரை, மிஞ்சிப் போனா அஞ்சு போதும். விருந்தாளி வர்ற அன்னைக்கு மட்டும் சாதம் குழையுதேன்னு புலம்புறவங்க வீட்டுல எல்லாம் இந்த c-தான் குற்றவாளி.

நான் பெங்களூர்ல வேலை பாத்தப்ப வீட்டுல நாலு பேர் இருந்தோம். ஒருத்தன் திருநெல்வேலி. அவனைப் பொறுத்தவரை அரிசின்னா குக்கர், குக்கர்னா மூணு விசில், அது எந்த அரிசியா இருந்தாலும். இன்னொருத்தன் ஹரியானா, கர்னால் பக்கம். 2016-ல பாஸ்மதிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதே, அந்த எல்லைக்குள்ள வர்ற ஊர். நம்ம நெல்லைக்காரன் அவன் ஊர்லேருந்து கொண்டு வந்த அரிசியை மூணு விசில் விட்டுத் திறந்தான். கர்னால்காரன் துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்னான். குக்கருக்குள்ள சூடு 120 டிகிரி வரைக்கும் போகும். குட்டையா, குண்டா இருக்கிற புழுங்கல் அரிசி அதைத் தாங்கும். ஊசி மாதிரி இருக்கிற பாஸ்மதி ஒடிஞ்சு நொறுங்கிடும்.

மறுநாள் கர்னால்காரன் அடுப்பைப் பிடிச்சான். பெரிய பாத்திரம், பொங்கப் பொங்கத் தண்ணி, உப்பு, ஊற வச்ச அரிசி, மூடி கிடையாது. பாதில ஒரு பருக்கையை எடுத்து அமுக்கிப் பாத்தான். அப்புறம் வடிகட்டில கொட்டி வடிச்சான். நான் சிரிச்சுட்டேன். ஏன்னா இது எங்க அப்பாயி பண்றது. அவங்க வாழ்க்கைல பாஸ்மதியைத் தொட்டதே இல்ல, இவன் காவிரியைப் பாத்ததே இல்ல. ரெண்டு பேரும் சோறு வடிக்கிற விதம் ஒண்ணு.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் பொறி தட்டுச்சு. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றோம் இல்லையா? யோசிச்சுப் பாருங்க, குக்கருக்கு அது பொருந்தவே பொருந்தாது. குக்கர்ல அடில இருக்கிற சோறு வேற, மேல இருக்கிறது வேற. அதுவுமில்லாம பாதில திறந்து ஒரு சோறு எடுக்கவும் முடியாது. அளந்து தண்ணி ஊத்தி மூடி வைக்கிற முறைலயும் அதே கதைதான். அந்தப் பழமொழி உண்மையாகணும்னா பானை நிறைய தண்ணி இருக்கணும், எல்லா அரிசியும் அதுல சுத்திச் சுத்தி வரணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரே சூடு, ஒரே தண்ணி கிடைக்கணும். அப்பதான் ஒண்ணு வெந்தா அத்தனையும் வெந்த கணக்கு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ்காரங்க சாம்ப்ளிங்னு ஒரு செமஸ்டர் முழுக்க நடத்துறதை நம்மாளுங்க நாலு வார்த்தைல முடிச்சிருக்காங்க. அது வடிக்கிற ஆளுங்களோட பழமொழிங்க. குக்கர் வாங்கின அன்னைக்கே அது நம்ம வீட்டை விட்டுப் போயிடுச்சு.

எங்க வீட்டுல அது போன வருஷம் 2019.

அப்பாயிக்கு இப்ப 83 வயசு. மாயவரம் பக்கத்துல கிராமம். ஒரு காலத்துல தினமும் பதினாலு பேருக்கு வெண்கலப் பானைல வடிச்சவங்க. தாத்தா போனதுக்கு அப்புறம் சென்னைல எங்ககூட இருக்காங்க. 2019-ல ஒருநாள் பானையைச் சாய்க்கும்போது துணி நழுவி, கொதிக்கிற கஞ்சி இடது முழங்கைலேருந்து மணிக்கட்டு வரைக்கும் கொட்டிடுச்சு. ரொம்ப நாள் கட்டு போட்டிருந்தாங்க. அன்னைக்கே அப்பா சொல்லிட்டாரு, இனிமே அம்மா கிச்சன் பக்கமே வரக்கூடாதுன்னு. அப்பா சொன்னதுல தப்பே இல்ல. ஏற்கனவே கண்ணு சரியாத் தெரியாது, கை நடுக்கம் வேற.

அதுக்கப்புறம் ஹால்ல அவங்களுக்கு ஒரு நாற்காலி. தினம் பதினொண்ணரை மணிக்கு உள்ள பாத்து ஒரு கேள்வி. "சோறு வடிச்சாச்சா?" அம்மா அங்கேருந்தே, "விசில் வந்துடுச்சு அத்தை"ம்பாங்க. திரும்பவும் மறுநாள் அதே கேள்வி, அதே பதில். பசிச்சுக் கேக்கறாங்கன்னுதான் வீட்டுல எல்லாரும் நினைச்சுக்கிட்டிருந்தாங்க. சீக்கிரம் சாப்பாடு போட்டும் பாத்தாங்க. கேள்வி நிக்கல.

2021-ல வீட்டுலேருந்தே வேலைன்னு ஆனப்ப நானும் மூட்டை முடிச்சோட சென்னை வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை என் சமையல், பாஸ்மதி. கர்னால்காரன் முறை. அரிசி கொதிச்சுக்கிட்டிருக்கும்போது நாலு பருக்கையைக் கரண்டில எடுத்துட்டுப் போய் அப்பாயிகிட்ட நீட்டினேன். என்னன்னு கேக்கல. ஒரு பருக்கையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு நசுக்கினாங்க. அப்புறம் விரலை உருட்டினாங்க.

"நடுவுல இன்னும் அரிசி இருக்குடா தம்பி. ரெண்டு கொதி விடு."

எனக்கு அந்த வாக்கியம் அவ்ளோ பிடிச்சிருந்தது. வெளிய சோறு, நடுவுல இன்னும் அரிசி. வேற எந்த மொழில இவ்ளோ சுலபமா சொல்லிட முடியும்? ரெண்டு கொதின்னா எவ்ளோ நேரம்னு மொபைல்ல பாத்தேன், ஏறக்குறைய ஒரு நிமிஷம். மறுபடி நாலு பருக்கை. நசுக்கின உடனே குரல் மாறிடுச்சு. "இறக்கு, இறக்கு, நின்னுக்கிட்டு இருக்காத, ஓடு!" அந்தச் சத்தத்துக்கு அம்மா ரூம்லேருந்து என்னமோ ஏதோன்னு வெளிய வந்துட்டாங்க. ரெண்டு வருஷமா அப்பாயி யாரையும் அப்படி அதட்டிக் கேட்டதில்ல.

வடிச்சுட்டு, சோறு சரியா வந்ததா இல்லையான்னுகூட அவங்க கேக்கல. தெரியும் அவங்களுக்கு.

ஆனா பிரச்சினை அதுக்கு அடுத்த வாரம் வந்தது. நான் கரண்டியோட போறதுக்கு முன்னாடியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு கிச்சன் வாசல்ல வந்து நிக்கறாங்க. அப்பாவுக்குக் கோவம். "எதுக்குடா அவங்கள இழுத்து விடற? பழையபடி பானையைத் தொட்டுட்டாங்கன்னா?" நியாயமான கேள்வி. கடைசில ஒரு ஒப்பந்தம் போட்டோம். அவங்க நாற்காலி டைனிங் டேபிள் முனைக்கு வந்துடுச்சு. அங்கேருந்து கொதிக்கிற சத்தம் கேக்கும். பதம் சொல்றது அவங்க, அடுப்புகிட்ட நிக்கறது நான். பானையைத் துணி பிடிச்சுச் சாய்க்கிற வேலையே கிடையாது. சிங்க்குல பெரிய வடிகட்டியை வச்சு அதுல கொட்டிடறது. அம்மாவுக்கு இன்னும் முழுசா மனசு வரல. "நீ திரும்ப ஆபீஸ் போக ஆரம்பிச்சா, வார நாள்ல அவங்க தானா எந்திரிச்சு வந்தா யாருடா பாத்துக்கறது?"ன்னு கேட்டாங்க. இப்ப வாரம் மூணு நாள் ஆபீஸ் போறேன். அந்தக் கேள்விக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல.

சரி, வாக்குக் கொடுத்த குறிப்பு. ஒரு டம்ளர் பாஸ்மதி. மூணு நாலு தண்ணில கழுவுங்க, கசக்காதீங்க, விரலால அளைஞ்சா போதும். மேல ஒட்டியிருக்கிற மாவு போகணும், அதுதான் பின்னாடி பசையா மாறும். அப்புறம் அரை மணி நேரம் ஊறணும். இதைத் தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க. ஊறாத அரிசில உள்ள தண்ணி போய்ச் சேர்றதுக்குள்ள மேல் பக்கம் வெந்து குழைஞ்சிடும். ஊறினா உள்ளயும் வெளியவும் ஒண்ணா வேகும், நீளமாவும் வளரும். ஏழெட்டு டம்ளர் தண்ணியை நல்லாத் தளதளன்னு கொதிக்க விட்டு, சோறுல உறைக்கிற அளவுக்கு உப்புப் போட்டு, ஊறின அரிசியை வடிச்சுச் சேருங்க. சேத்த உடனே ஒரு தடவை மெதுவா அடிவரைக்கும் கிளறி விடுங்க. அதோட சரி, அப்புறம் கரண்டியைத் தூர வச்சிடுங்க. நாலாவது நிமிஷத்துலேருந்து பருக்கையை அமுக்கிப் பாக்கணும். பழைய அரிசிக்கு ஆறு ஏழு நிமிஷம் ஆகலாம், புதுசு சீக்கிரம் ஆகிடும். பிரியாணிக்குத் தம் போடறதா இருந்தா நடுவுல நல்லாவே அரிசி தட்டுப்படும்போது வடிச்சிடணும். வெறும் சாதத்துக்குன்னா, தட்டுப்படுது, ஆனா நசுங்குதுங்கற இடம்.

வடிச்சதைச் சூடான பாத்திரத்துலயே திரும்பக் கொட்டி, ஒரு ஸ்பூன் நெய், மூடி போட்டுப் பத்து நிமிஷம். அடுப்பு வேணாம். இந்தப் பத்து நிமிஷத்துலதான் மேல இருக்கிற ஈரம் உள்ள போய், பருக்கை இறுகி, படத்துல இருக்கிற மாதிரி நிக்கும். பொறுமை இல்லாதவங்க இங்கதான் கோட்டை விடறாங்க. கிளறும்போது ஓரத்துலேருந்து தட்டையான கரண்டியால தூக்கி விடுங்க, நடுவுல குத்தாதீங்க. கஞ்சி வடிச்சா சக்கரை போயிடும்னு நினைச்சுக்கிட்டு ரெண்டு தட்டு சாப்பிடறவங்களுக்கு (எங்க அப்பாதான்!) ஒரு செய்தி: வடியறது கொஞ்சம் மாவும் கொஞ்சம் வைட்டமினும்தான். சக்கரையை ஏத்தற சமாச்சாரம் பெரும்பாலும் தட்டுலதான் இருக்கு.

அப்பாயிக்குப் பாஸ்மதி பிடிக்காது, அது வேற கதை. "வாசனைதான் வாய்க்கு வருது, சோறு வரக் காணோம்"ம்பாங்க. ரசத்துல பிசைஞ்சா ஒட்டாம ஓடுதாம். ஒரு கைப்பிடி மோர் விட்டுச் சாப்பிட்டுட்டு, வடிச்ச கஞ்சில உப்புப் போட்டு ஒரு டம்ளர் குடிப்பாங்க. அந்தக் கஞ்சியை மட்டும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல.

கொஞ்ச மாசமா விரல் மரத்துப் போகுது அவங்களுக்கு. நசுக்கினா தெரியலன்னு சொன்னாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை ரொம்ப நேரம் உருட்டி உருட்டிப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம அந்தப் பருக்கையை வாய்ல போட்டுக்கிட்டு முன்பல்லால கடிச்சாங்க. இருக்கிறது நாலு பல்லு. "இன்னும் ஒரு கொதி"ன்னாங்க. இப்பல்லாம் நேரா வாய்க்குத்தான். நானும் கரண்டியை ஊதி ஆற வச்சு எடுத்துட்டுப் போறேன்.

வர்ற ஞாயிறு சீரகச் சம்பா வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. அதுக்கு ரெண்டு கொதி கூட வேணுமாம், குறைய வேணுமான்னு அன்னைக்குத்தான் தெரியும்.

டிஸ்கி: என்ன பிராண்டுன்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க. தெருமுனை மளிகைக் கடைல சாக்குலேருந்து அள்ளிப் போடற அரிசி. கடைக்கார அண்ணன்கிட்ட "போன வருஷத்து அரிசியா?"ன்னு கேளுங்க, மேலேயும் கீழேயும் ஒரு மாதிரியா பாப்பாரு, ஆனா எடுத்துத் தருவாரு :-)